ஷிப்லியின் பூனைக்குட்டி

பக்தாதில் பனி பெய்யுமா? பள்ளிக்கூட நாட்களில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பயான் செய்த மௌலவி ஒருவரிடம் நான் கேட்ட கேள்வி இது. ரமழான் இரவொன்றில் அவர் சூபி ஞானி அபூபக்ர் ஷிப்லி (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷிப்லி வபாத்தான பின் அவரது தோழர் ஒருவர் அவரைக் கனவில் காண்கிறார். தனக்கு மன்னிப்புக் கிடைத்ததாகக் கூறும் ஷிப்லி, அதற்கான காரணத்தை அல்லாஹ் தன்னிடமே கேட்டான் என்கிறார். தொழுகையா, நோன்பா, ஹஜ்ஜா, அறிவு தேடிச் சென்ற பயணங்களா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். எதுவும் இல்லை. ஒரு குளிர் இரவில், பக்தாத் தெருவில், பனிக்கு அஞ்சிச் சுவரோரமாக ஒதுங்கி நடுங்கிய பூனைக்குட்டியொன்றை எடுத்துத் தனது தோலாடைக்குள் பொத்தி வைத்தாரே, அதுதான் காரணமாம்.

சபையில் பலர் கண் கலங்கினார்கள். பூகோளப் பாடத்தில் ஈராக் என்றால் பாலைவனம் என்று படித்திருந்த எனக்குப் பனிதான் இடித்தது. மௌலவி சிரித்தார். "தம்பி, பூனையப் பாரு, பனியப் பார்க்காத" என்றார். நான் நெடுங்காலம் பனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இச்சம்பவத்தை தமீரீ (வபாத் கி.பி. 1405) தனது 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்கியல் கிதாபில், டமஸ்கஸ் வரலாற்றாசிரியர் இப்னு அஸாகிரை (வபாத் 1176) ஆதாரம் காட்டிப் பதிவு செய்துள்ளார். ஷிப்லி வபாத்தானது ஹிஜ்ரி 334, அதாவது கி.பி. 946இல். கனவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் பனி விடயத்தில் நான் தோற்றேன். அக்கால பக்தாத் வரலாற்று நூல்களில் உள்ள காலநிலைக் குறிப்புகளைத் திரட்டிய ஆய்வொன்று 2012இல் வெளியானது. பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நகரம் இன்றைவிடக் கூடுதலான குளிர் நிகழ்வுகளைக் கண்டது என்பது அதன் முடிவு. கி.பி. 920 ஜூலை மாதத்தில், கோடையில் மொட்டை மாடியில் உறங்கும் மக்கள் குளிர் தாங்காமல் கீழே இறங்கினார்களாம். அப்போது ஷிப்லி அதே நகரில் வாழ்ந்த காலம். நம் காலத்திலும் 2008இலும் 2020இலும் பக்தாதில் பனி விழுந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன் அங்கியில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபி (ஸல்) அவர்கள் அங்கியின் கையை வெட்டினார்கள் என்ற கதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. பிரபலமான ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை. அத்தகைய சம்பவம் ஷெய்கு அஹ்மத் ரிபாஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றில்தான் வருகிறது. நமக்கு அந்தக் கதை தேவையுமில்லை. வுழூச் செய்ய வைத்த நீரைக் குடிக்க வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அபூ கதாதா (ரழி) அவர்களின் சம்பவம் ஸுனன் நூல்களில் உண்டு. பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்ற நபிமொழியின் கருத்தை அவர் அங்கே எடுத்துரைக்கிறார்.

தனிமனித இரக்கம் ஒரு நிறுவனமாக மாறிய இடம் கெய்ரோ. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் (வபாத் 1277) தனது பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளுக்கென வக்ஃபு செய்தார். ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளின் பின் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், 1836இல் வெளியிட்ட நூலில் அதன் கதியை எழுதுகிறார். பராமரிக்கச் செலவாகிறது என்று சாக்குச் சொல்லிப் பொறுப்பாளர்கள் தோட்டத்தை விற்றார்கள். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று. கடைசியில் எஞ்சியது ஆண்டுக்கு 15 பியாஸ்தர் நிலவாடகை மட்டுமே. வக்ஃபுகளுக்குக் காவலர் என்ற முறையில் காழியார் தன் பொறுப்பில் பூனைகளுக்கு உணவளிக்க வேண்டியதாயிற்று. பிற்பகல் வேளைகளில் அவரது முற்றத்தில் பூனைகள் கூடும். கூடைகளில் இறைச்சி வரும். வீட்டுப் பூனையைத் தொலைக்க விரும்பியவர்களும் அங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள். வக்ஃபுச் சொத்துகளின் கதையை அறிந்த நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

2017 ஜனவரியில் இஸ்தான்புலில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. அந்தக் கிழமை நகரம் கடும் பனியில் மூடுண்டது. காலையில் வெளியே வந்தபோது, கடைவாசல்களிலும் மரத்தடிகளிலும் சிறு பெட்டிகள் கண்ணில் பட்டன. குனிந்து பார்த்தால் உள்ளே இரண்டு மூன்று பூனைகள் ஒட்டிப் படுத்திருந்தன. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சைகையாலேயே எனக்குப் பாடம் எடுத்தார். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பூனையின் உடற்சூடே அதை நிரப்பும். வாசலும் ஒரு பூனை நுழையும் அளவே. சுவருக்கு ரிஜிபோம். உள்ளே துணி விரிக்கக் கூடாது, அது ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்துவிடும். வைக்கோல் என்றால் உலர்ந்தே கிடக்கும். கிண்ணத்து நீர் உறைந்துவிடுவதால் அடிக்கடி மாற்ற வேண்டும். காரைக் கிளப்பு முன் பொனட்டில் தட்ட வேண்டும். இயந்திரச் சூட்டுக்காக உள்ளே பூனை படுத்திருக்கலாம். உஸ்குதாரில் அஸீஸ் மஹ்மூத் ஹுதாயீ பள்ளிவாசலின் இமாம் குளிர்காலத்தில் தெருப் பூனைகளை உள்ளே அனுமதித்த படங்கள் அதற்குச் சற்று முன்னர்தான் உலகெங்கும் பரவியிருந்தன.

அந்நகரைப் புனிதமாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. இதே இஸ்தான்புல்தான் 1910இல் தன் தெருநாய்களை ஆயிரக்கணக்கில் பிடித்து, மர்மராக் கடலின் ஸிவ்ரி அதா என்ற வறண்ட தீவில் விட்டது. அவை பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. நவீன நகரமாக வேண்டும் என்ற அவசரம் பழைய வழக்கத்தை வென்ற ஆண்டு அது.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் பள்ளிவாசல் படியில் யாரோ உரப்பையொன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே நான்கு குட்டிகள், நனைந்து விறைத்திருந்தன. ஒன்றில் உயிர் இல்லை. ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விடுவோம் என்றார் ஒருவர். பள்ளிக்குள் அசுத்தம் சேரும் என்றார் மற்றொருவர். நான் வாய் திறக்கவில்லை. படித்த கிதாபுகளெல்லாம் அந்நேரம் எங்கே போயினவோ தெரியவில்லை. முஅத்தின் நானாதான் பேசாமல் உள்ளே போய் ஒரு பழப்பெட்டியைக் கொண்டுவந்தார். வைக்கோல் இருக்குமா என்று கேட்டார். எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு வயல்பக்கம் நடந்தேன்.