எட்டுப் பவுண்டு கிதார்

சென்ற பருவத்தின் இறுதியில் மாணவர் ஒருவரின் தந்தை நம்மைத் தேடித் துறைக்கு வந்திருந்தார். கோவைப் பக்கத்தில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறவர். நெடுநேரம் தயங்கிவிட்டு, "ஐயா, நீங்க சொன்னாக் கேட்டுக்குவானுங்க. ராத்திரியெல்லாம் போன்ல கிதார் படமாத்தான் பாத்துட்டிருக்கிறானுங்க. எலெக்ட்ரிக் கிதாராமா. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தோணுமுங்க" என்றார். பேசிப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.

பேசினோம். பையனுக்குப் பதினேழு வயது. சொந்தமாக ஒரு கிதாரும் இல்லை. நண்பனுடைய பழைய மரக்கிதாரை வாரத்தில் இரண்டு நாள் இரவல் வாங்கி வாசிக்கிறான். ஆனால் எந்தக் கிதாரின் உடல் எந்த மரத்தால் ஆனது, எதில் எத்தனை பிக்கப்புகள் உள்ளன, எது எவ்வளவு கனம் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் இடக்கையைப் பார்த்தோம். நான்கு விரல் நுனிகளும் காய்ப்புக் காய்த்திருந்தன. அறிவுரை சொல்லப் போன நமக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. இந்த மோகத்திற்கு ஒரு வரலாறு இருக்குமே என்ற எண்ணத்தோடு தேடிப் படிக்கத் தொடங்கினோம். இங்கிலாந்தில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மின்கிதாரின் பிறப்பிடம் அமெரிக்கா. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கர் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்த கிதார் முன்னோடிகளுள் ஒன்று. அதன் தத்துவம் எளியது. எஃகுத் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும், அதைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலியாக்கினால் போதும். இந்தக் காந்தச் சுருளுக்குத்தான் பிக்கப் என்று பெயர். 1954இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிதாரை வெளியிட்டது. வளைந்த இரு கொம்புகளும் மூன்று பிக்கப்புகளும் கொண்ட அந்த வடிவமே இன்றுவரை பலருக்கும் மின்கிதார் என்றவுடன் கண்முன் வருவது. அதை உருவாக்கிய ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வேடிக்கை.

இங்கிலாந்துச் சிறுவர்களுக்கு இது எட்டாக்கனியாக இருந்தது. போருக்குப் பிந்தைய பொருளாதார நெருக்கடியில் டாலர் வெளியேறுவதைத் தடுக்க, 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியை அந்நாட்டு அரசு கட்டுப்படுத்தியிருந்தது. கருவிக்கு வழியடைத்த அதே காலத்தில்தான் ஆசைக்கு வழி திறந்தது. 1956இல் லோனி டோனிகனின் பாடல் ஒன்று பெரும் வெற்றிபெற, ஸ்கிஃபில் என்னும் எளிய இசை நாடெங்கும் பரவியது. மலிவான ஒரு கிதார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் கயிறு கட்டிச் செய்த தந்திக்கருவி ஆகியவை இருந்தால் ஒரு குழு தயார். 1957இல் பெர்ட் வீடன் என்ற கிதார்க் கலைஞர் ஒரே நாளில் வாசிக்கலாம் என்று நம்பிக்கையூட்டும் பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற பலர் அதைப் பார்த்துத்தான் விரல் வைக்கப் பழகினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1939 அக்டோபருக்குப் பிறகு பிறந்த இளைஞர்கள் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்படவில்லை. முந்தைய தலைமுறையினர் சீருடை அணிந்து கழித்த ஆண்டுகள் இவர்களுக்கு மிச்சமாயின.

1959இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட், தம் குழுவின் ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து சிவப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை வரவழைத்தார். இங்கிலாந்துக்கு வந்த முதல் சிலவற்றுள் அது ஒன்று. மறு ஆண்டு மார்வினின் ஷேடோஸ் குழு வெளியிட்ட 'அப்பாச்சி' என்னும் பாட்டில்லாத இசைத்துண்டு விற்பனையில் முதலிடம் பிடித்தது. பல்லாயிரம் சிறுவர்கள் அந்தக் கிதாரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தார்கள். அதன் விலை ஒரு தொழிலாளியின் பல வார ஊதியம்.

அவர்களுள் இருவரைப் பற்றிச் சொன்னால் போதும்.

லிவர்பூலில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகன் ஜார்ஜ் ஹாரிசன். 1943இல் பிறந்தவர். பள்ளியில் பாடம் நடக்கும்போது குறிப்பேட்டில் கிதார்களை வரைந்துகொண்டிருப்பவர். தாய் தந்த மூன்றரைப் பவுண்டில் பள்ளித் தோழன் ஒருவனிடம் பழைய கிதார் வாங்கினார். கழுத்தும் உடலும் சேருமிடத்தில் இருந்த திருகாணியைக் கழற்றிப் பார்த்தவருக்குத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. இரு துண்டுகளாக அலமாரிக்குள் கிடந்ததைப் பிறகு அண்ணன்தான் சரிசெய்து கொடுத்தார். 1959இல் ஹாரிசன் தவணைமுறையில் வாங்கிய மின்கிதார் ஃபியூச்சராமா. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்டது. அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒலியன்று. பார்வைக்கு ஏறக்குறைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்போல் இருந்ததுதான். தந்திகள் பலகையிலிருந்து வெகு உயரத்தில் இருந்தமையால் அதை அழுத்தி வாசிப்பது கடினம். அந்தக் கடினத்தோடு ஹாம்பர்க் நகர விடுதிகளில் இரவு இரவாக வாசித்துத்தான் அவர் கைபழகினார்.

படத்தைப் பார்த்துக் கருவி தேர்வது சிறுபிள்ளைத்தனம் என்று நாம் எண்ணலாம். கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பில்லாதவன் கண்ணால்தானே தேர முடியும்?

இரண்டாமவரின் கதை வேறு வகை. பிரையன் மே, 1947 ஜூலை 19இல் பிறந்தவர். இலண்டனின் மேற்குப் புறத்தில் ஃபெல்தம் என்னும் ஊரில் சிறிய வீடு. தந்தை ஹரோல்ட் மே மின்னணுத் துறையில் பணியாற்றியவர். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தாமே செய்தவர். மகனுக்கு ஏழாம் பிறந்தநாளில் ஒரு சாதாரண கிதார் கிடைத்தது. காந்தமும் கம்பியும் கொண்டு சிறுவனே அதற்கொரு பிக்கப் செய்து தந்தையின் வானொலிப் பெட்டியோடு இணைத்தான். பிறகு நண்பர்களைப் போலவே அவனுக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆசை வந்தது. வாங்க வசதியில்லை. 1963 ஆகஸ்டில் தந்தையும் மகனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நாமே செய்வோம்.

வீட்டின் ஓர் அறை பட்டறையாயிற்று. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வேலை நடந்தது. குடும்ப நண்பர் ஒருவர் வீட்டில் பிரித்துப்போட்ட பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மகோகனி மரம் கிதாரின் கழுத்தாயிற்று. அதிலிருந்த செல்லுத் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடலின் உள்பகுதிக்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம். தந்திகளின் இழுவிசையைத் தளர்த்தியும் இறுக்கியும் ஒலியை நடுங்கச் செய்யும் பொறிக்கு ஒரு கத்தியின் விளிம்பு சுழலச்சாயிற்று. பழைய பாந்தர் மோட்டார் சைக்கிளின் இரண்டு வால்வு ஸ்பிரிங்குகள் தந்திகளுக்கு எதிரிழுவை தந்தன. அந்தப் பொறியின் கைப்பிடி மிதிவண்டியில் பைதாங்கும் கம்பி. அதன் நுனியில் தாயின் பின்னல் ஊசித் துண்டு. கழுத்தில் இடம் காட்டும் வெண்புள்ளிகளும் தாயின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களே. வீணையில் மெட்டு என்கிறோமே, அந்த மெட்டுகளின் இடைவெளியையெல்லாம் கணக்கிட்டு அமைத்தார்கள். இருபத்துநான்கு அங்குலத் தந்தியில் சரிபாதியில் மேல் ஸ்தாயி பிறக்க வேண்டும். இடையிலுள்ள ஒவ்வொரு மெட்டும் ஒரே விகிதத்தில் குறுகிவர வேண்டும். மயிரிழை பிசகினாலும் கருவி காலமெல்லாம் அபசுரம் பேசும்.

பிக்கப்புகளையும் முதலில் தாமே செய்தார்கள். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும்போது வேண்டாத இரைச்சல் எழுந்தது. காந்தத் துருவங்கள் அமைந்த முறையே காரணம். தோல்வியை ஒப்புக்கொண்டு, பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை விலைக்கு வாங்கிப் பொருத்தினார்கள். மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு என்று மே பின்னாளில் கூறியிருக்கிறார். குவீன் குழுவின் இசைத்தட்டுகளில் ஒலிப்பது பெரும்பாலும் இந்தக் கிதார்தான். 2002 ஜூனில் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அவர் வாசித்ததும் இதையே.

தமிழ் படித்த நமக்கு இங்கே நின்று ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொருநராற்றுப்படையின் புலவர் யாழை வருணிக்கும்போது அதன் இசையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவதில்லை. பத்தலையும் போர்வைத் தோலையும் ஆணியையும் கோட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டிய பிறகே இசைக்கு வருகிறார். கருவியைக் காதலிப்பவனின் கண் அது. அந்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அதன் அமைப்பை நூல்வழியே மீட்க முயன்றவர் விபுலாநந்த அடிகள். துறவு பூணுமுன் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்று அறிவியல் ஆசிரியராக இருந்தவர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைக் கணிதங்கொண்டு ஆராய்ந்த அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார். பிரையன் மே பிறந்ததும் அதே நாள். இந்த ஒற்றுமைக்குப் பொருள் ஏதும் கற்பிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் ஒரு தந்தி எந்த நீளத்தில் எந்தச் சுரம் தரும் என்று கணக்கிட்டுக்கொண்டு அமர்ந்திருந்த முதிய அறிஞரை வணங்கும் நாம், அதே கணக்கோடு அமர்ந்திருக்கும் பதினாறு வயதுப் பையனைப் பார்த்து வீண்வேலை என்று சொல்வது எப்படி என்பதுதான் நம் கேள்வி.

பயிற்சியும் அப்படியே. அந்தத் தலைமுறைக்கு ஆசிரியர் இல்லை. புதிய சுரக்கூட்டு ஒன்று தெரிந்தவர் ஊரின் மறுகோடியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பேருந்து ஏறிப்போய்க் கற்று வந்ததைப் பால் மெக்கார்ட்னி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரே ஒரு விரலமைப்புக்கு அவ்வளவு பயணம். பிரையன் மே இரவில் போர்வைக்குள் காதொலிப்பானை வைத்துக்கொண்டு லக்சம்பர்க் வானொலியைக் கேட்டார். இசைத்தட்டின் ஒரே இடத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துப் பாடம் செய்தவர்கள் பலர். பள்ளிச் சிறுவர்கள் இதைக் கட்டாயத்தால் செய்யவில்லை. அதே பிள்ளைகளிடம் வாய்பாட்டைப் பத்து முறை எழுதச் சொன்னால் சோர்ந்துபோயிருப்பார்கள். ஒன்றையே ஆயிரம் முறை செய்யும் பொறுமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் யோசிக்க வேண்டும். நாமோ அந்த ஊக்கத்தைப் படிப்புக்குப் பகை என்றே கருதிப் பழகிவிட்டோம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திராது. பிரையன் மே இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்றார். சூரியனைச் சுற்றியுள்ள விண்தூசியின் இயக்கம் பற்றி முனைவர்பட்ட ஆய்வும் தொடங்கினார். 1970களில் குவீன் குழு வளர்ந்தபோது அந்த ஆய்வைப் பாதியில் விட்டார். தந்தையால் அதைத் தாங்க முடியவில்லை. அறையைப் பட்டறையாக்கி, இரண்டு ஆண்டுகள் மகனோடு மரம் செதுக்கிய அதே ஹரோல்ட் மே, மகன் அந்தக் கிதாரையே வாழ்க்கையாகத் தேர்ந்தபோது பேச்சை நிறுத்திக்கொண்டார். ஓராண்டுக்கும் மேலாக இருவரிடையே பேச்சில்லை. கருவியைச் செய்ய உதவிய கை, அது காட்டிய வழியில் மகனை விட மறுத்தது. அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. போர்க்காலத்தைக் கண்ட தலைமுறை. மகனின் படிப்புக்காகச் சிக்கனமாக வாழ்ந்த குடும்பம். அவருடைய அச்சம் அன்பின் மறுபக்கம்.

பிறகு மகன் பெற்றோரை நியூயார்க்குக்கு வரவழைத்து, மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் தம் நிகழ்ச்சியைக் காணச் செய்தார். அங்கே, அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவில், தம் கையால் செய்த கருவி ஒலிப்பதைக் கேட்ட பிறகே தந்தைக்கு மகனின் முடிவு விளங்கியதாம். ஹரோல்ட் மே 1988இல் காலமானார். விட்ட ஆய்வை மகன் மீண்டும் கையிலெடுத்து, 2007இல், அறுபதாவது வயதில் முடித்தார். ஆய்வேடு நிறைவுற்றதைப் பார்க்கத் தந்தை இல்லை.

எல்லாப் பையன்களும் பிரையன் மே ஆகப் போவதில்லை. 1963இல் கிதாருக்கு ஏங்கியவர்களுள் பெரும்பாலோர் பிறகு எழுத்தர்களாகவும் ஓட்டுநர்களாகவும் ஆசிரியர்களாகவும் வாழ்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகியிரா. ஒன்றைத் தேர்வது எப்படி, தேர்ந்ததன்மேல் காத்திருந்து உழைப்பது எப்படி என்று எவரும் சொல்லாமலே கற்ற காலம் அது.

சில வாரங்களுக்கு முன் அந்த லேத் பட்டறைக்காரர் மறுபடியும் வந்தார். மகனிடம் நாம் என்ன சொன்னோம் என்று கேட்டார். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று கூறி, ஃபெல்தம் வீட்டின் கதையை அவரிடம் சொன்னோம். கணப்படுப்பு மரம், பின்னல் ஊசி எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"வால்வு ஸ்பிரிங் ரெண்டுன்னு சொன்னீங்களே... ரெண்டுக்கும் டென்ஷன் ஒண்ணுபோல இருக்கோணுமுங்களே. அத எப்படிங்க பாத்து வெச்சாரு?"

நமக்குத் தெரியவில்லை என்றோம். மகனுக்குத் தெரிந்திருக்கும் என்றும் சொன்னோம்.