மூக்கில் ஈயக்குண்டு, பின்சீட்டில் வாத்தியார்

உங்களில் எத்தனை பேர் மாதிரி விமானம் ஒட்டுகிறீர்கள் என்று தெரியாது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டகத்திலிருந்து வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். தாகேதாவில் இருந்துகொண்டு செய்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத்தான் கம்ப்ரசரை ஓட்டவேண்டும். மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டு பெயின்ட் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இந்தத் தடவை எடுத்தது மெஸ்ஸர்ஷ்மிட் மீ 262 பி-1ஏ. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ஜெட் போர் விமானத்தின் பயிற்சி வடிவம். நிஜத்தில் இறக்கை சுமார் 12.5 மீட்டர். 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 17 சென்டிமீட்டர் சொச்சம்.

போர் விமானத்துக்கு ஏன் இரண்டாவது இருக்கை? நான் படித்தது எஞ்சினியரிங், பிழைப்பு மென்பொருள் என்றாலும், இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. மீ 262 ஜெட் எஞ்சின்களை மட்டுமே நம்பி முதலில் பறந்தது 1942 ஜூலை 18. வேகம் மணிக்குச் சுமார் 870 கிலோமீட்டர். அதை ஓட்ட வந்த பைலட்டுகள் எல்லாரும் பிஸ்டன் எஞ்சினில் பழகியவர்கள். அவசரம் என்றால் திராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளுவது அவர்கள் கை அறிந்த வேலை. இங்கே அப்படிச் செய்தால் எஞ்சின் அணைந்துபோகும், அல்லது தீப்பிடிக்கும். இறங்கும்போது கணக்குத் தப்பினால், மறுபடி மேலே ஏற எஞ்சின் உடனே இழுத்துக்கொடுக்காது. இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பும். இரட்டை இருக்கை வருவதற்கு முன், தரையில் பாடம் கேட்டுவிட்டுத் தனியாகத்தான் ஏறவேண்டும். அதனால் பின்பக்க எரிபொருள் தொட்டிக்கு ஒதுக்கிய இடத்தில் வாத்தியாருக்கு ஒரு இருக்கை போட்டார்கள். குறைந்துபோன எரிபொருளுக்கு ஈடாக மூக்கின் அடியில் 300 லிட்டர் தொட்டிகள் இரண்டு மாட்டலாம். லெக்ஃபெல்ட் விமானத்தளத்தில் இதற்கென்றே பயிற்சிப் பிரிவு இருந்தது.

ஜூமோ 004 என்ற அந்த எஞ்சினின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம்தான். வடிவமைத்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. வெப்பம் தாங்க நிக்கலும் குரோமியமும் வேண்டும், போர்க்கால ஜெர்மனியில் இரண்டுக்கும் பஞ்சம். சாதாரண எஃகின் மேல் அலுமினியம் பூசிச் சமாளித்தார்கள். பயிற்சிக்கு ஒரு வாரம் பறந்தாலே எஞ்சினை மாற்றவேண்டிய நிலை.

மாதிரி ஒட்டுகிறவனுக்கு இந்த விமானம் தரும் தலைவலி வேறு. முன்னால் ஒரு சக்கரம், நடுவில் இரண்டு சக்கரம் வைத்து நிற்கும் அமைப்பு என்பதால் வால் கனத்து உட்கார்ந்துவிடும். மூக்குக்குள் எடை வைக்காமல் மூடினால் போச்சு. பயிற்சி வடிவத்தில் பின்சீட்டும் நீளமான கண்ணாடி மூடியும் சேர்வதால் இன்னும் கூடுதலாக வைக்கவேண்டும். நான் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைத்தான் போடுகிறேன். வால் சின்னமும் ஒரு சங்கடம். ஜெர்மனியில் விற்கும் பெட்டிகளில் சட்டத்தின் காரணமாக ஸ்வஸ்திகா பெரும்பாலும் இருக்காது. கோயில் வாசலிலும் புத்தர் சிலையிலும் அந்த வடிவத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அதனால் ஜெர்மன் ஸ்வஸ்திகாவை என் மேசையில் வைத்தால் வருகிறவர்களுக்கு நீண்ட விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். நான் ஒட்டுவதில்லை.

உடம்பின் இணைப்புகளில் பட்டி வைத்துத் தேய்க்கும் வேலைதான் என்னை யோசிக்க வைத்தது. நிஜ விமானத்திலும் அப்படித்தான். தகட்டின் இடைவெளிகளில் பட்டி பூசித் தேய்த்தார்கள். போர் முடியும் காலத்தில் பெயின்ட் அடிக்கக்கூட நேரமில்லாமல், பட்டிக் கோடுகள் தெரியவே பறந்த விமானங்கள் உண்டு. அந்தக் கோடுகளை அச்சு அசலாகக் கொண்டுவருவது எங்கள் வட்டாரத்தில் பெரிய சாமர்த்தியம். பட்டியை யார் பூசினார்கள் என்று பெட்டியில் இருக்கும் குறிப்புத்தாள் சொல்லாது.

குண்டுவீச்சுக்குப் பயந்து உற்பத்தியைப் பூமிக்கடியில் கொண்டுபோனார்கள். ஆஸ்திரியாவில் சாங்க்ட் கியோர்கன் என்ற ஊரில் மலைக்குள் சுரங்கம் குடைந்து மீ 262-இன் உடல்களைச் செய்தார்கள். குடைந்தவர்களும் செய்தவர்களும் பக்கத்திலிருந்த குசன் வதைமுகாமின் கைதிகள். இறக்கைகளை லியோன்பெர்க் நகரின் நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்குள் செய்தார்கள். அங்கேயும் வதைமுகாம் கைதிகள். காலா என்ற இடத்தில் பல நாடுகளிலிருந்து பிடித்துவந்த கட்டாயத் தொழிலாளர்கள். குசன் முகாம்களில் இறந்தவர்கள் 35,000-க்குக் குறையமாட்டார்கள். கல்லுடைத்துச் செத்தவர்களும் அதில் சேர்த்தி. மொத்தமாகக் கட்டப்பட்ட மீ 262 விமானங்கள் சுமார் 1,430.

1/72 அளவில் பைலட் பொம்மை கிடைக்கும், மெக்கானிக் கிடைக்கும், தளத்தில் சுற்றும் நாய்கூடக் கிடைக்கும். சுரங்கத்தில் நின்றவரின் பொம்மையை நான் தேடியவரை கண்டதில்லை.

இது ஐரோப்பாக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். அதே ஆண்டுகளில் நம் பக்கத்தில் சயாம் மரண ரயில் ஓடத் தயாராகிக்கொண்டிருந்தது. தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு: மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள். 1943-இல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவுக்குக் கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 90,000 என்ற எண்ணைப் பலர் சொல்கிறார்கள்.

தன்பியூசயாட்டில் போர்க்கல்லறை இருக்கிறது. புல்வெளி, வரிசையாக 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவை போர்க்கைதிகளுடையவை. கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது, ஒளித்துவைத்த குறிப்புகள் இருந்தன. தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவருக்கு அதெல்லாம் யார் எழுதிவைப்பது?

அந்தப் பாதையில் ஓடிய சி56 என்ற ஜப்பானிய நீராவி இஞ்சினுக்கும் அழகான மாதிரிகள் விற்கின்றன. போருக்காக 90 இஞ்சின்களை மீட்டர் பாதைக்கு மாற்றித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று இப்போது டோக்கியோவில் யாசுகுனி கோயிலின் அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது.

என் மீ 262-ஐ ஒரு மரப்பலகையில் பொருத்தியிருக்கிறேன். வழக்கமாகப் பலகையில் விமானத்தின் பெயரும் படைப்பிரிவும் எழுதுவோம். அதன் கீழே இன்னொரு வரியில் குசன், லியோன்பெர்க், காலா என்று எழுதினேன். பார்க்க வந்த பையன்கள் முதலில் கேட்டது அந்த வரியைப் பற்றித்தான்.

அடுத்து சி56 செய்யப் போகிறேன். அதன் பலகைக்கு ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன, ஆட்பெயர்கள் இல்லை. இதைப் படிக்கும் மலேசியத் தம்பி தங்கைகளே, உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால், பாட்டிமார் இருக்கும்போதே பெயரையும் தோட்டத்தையும் கேட்டு எழுதிவையுங்கள். விருப்பமிருந்தால் எனக்கும் அனுப்புங்கள். பலகையைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டி வைத்திருக்கிறேன்.