வழுக்கலின் வரலாறு

நம்மூரில் காடியை 'ஏத்துகிற' பையன்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே வரிசைதான். முதலில் ரிம், அப்புறம் எக்ஸாஸ்ட், அப்புறம் சஸ்பென்ஷன். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் எஞ்சினே மாறும். கிளட்ச் கடைசியில்தான் வரும், அதுவும் வேறு வழியில்லாமல். ஐந்தாவது கியரில் எண்ணெய் மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் விர்ரென்று ஏறும், காடியோ பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். கூடவே மூக்கில் ஒரு கருகல் நாற்றம். "கிளட்ச் ஸ்லிப் ஆவுது தம்பி" என்று போமன் சொன்ன பிறகுதான் நாம் போனை எடுத்து விலை பார்ப்போம்.

என்னிடம் இருப்பது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. (சத்ரியா என்றால் நம்ம க்ஷத்ரியன்தான், மலாய் வழியாகச் சுற்றி வந்திருக்கிறான்.) 1998இல் வெளிவந்தபோது 1.8 லிட்டர், 138 குதிரைத்திறன், டர்போ இல்லாத எஞ்சின். இதே குடும்பத்து டர்போ எஞ்சினை மிட்சுபிஷி 1992இலேயே லான்சர் ஜிஎஸ்ஆரில் 195 குதிரைத்திறனோடு விற்றது. ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் காடிகளில் அது கிடைக்கும். எனக்கு முன் இந்தக் காடியை வைத்திருந்தவர் ஜேபிஜே அனுமதி வாங்கி அதைப் பொருத்திவிட்டார். கிளட்சை மாற்றவில்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

விற்பனைப் பட்டியலைத் திறந்தால் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, சிக்ஸ்-பக், டுவின் பிளேட் என்று போகிறது. இந்த 'ஸ்டேஜ்' எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொன்றின் ஸ்டேஜ் 1ஆக இருக்கலாம். அதனால் விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. கிளட்சின் நூற்றாண்டுக் கதையில் பாதிதான் பிடிப்பதைப் பற்றியது. மீதிப் பாதி, எப்படிப் பதமாக வழுக்குவது என்பதைப் பற்றியது.

1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் இன்று நாம் சொல்கிற கிளட்ச் இல்லை. தோல் வார் ஒன்று, சும்மா சுற்றும் கப்பியிலிருந்து இறுகப் பொருத்திய கப்பிக்குத் தள்ளப்படும், வண்டி நகரும். பழைய அரிசி ஆலைகளில் வார் மாற்றுவார்களே, அதே சங்கதி. 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப் போனார். இறக்கங்களில் மரப் பிரேக் தேய்ந்துபோக, வழியில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் நிறுத்தி அதன் மேல் தோலை ஆணியடித்து வாங்கினார். உராயும் இரண்டு பொருள்களுக்கு நடுவே தேய்வதற்கென்றே மூன்றாவதாக ஒன்றை வைப்பது என்ற யோசனை, காரின் வரலாற்றுக்குள் இப்படிச் செருப்புக்கடை வழியாக வந்தது.

அடுத்து வந்த கூம்புக் கிளட்சிலும் தோல்தான். ஃபிளைவீலுக்குள் புனல் மாதிரி ஒரு குழிவு, அதற்குள் தோல் போர்த்திய கூம்பு போய் இறுகும். தோல் காய்ந்துவிட்டால் கிளட்ச் வெறிபிடித்த மாதிரி கவ்வி, வண்டி எகிறும். அதனால் ஓட்டுநர்கள் அதற்கு ஆமணக்கு எண்ணெயோ மாட்டுக் குளம்பு எண்ணெயோ பூசுவார்கள். அளவு கூடிவிட்டால் வழுக்கும், அப்போது களிமண் பொடி தூவ வேண்டும். எண்ணெய், பொடி, மறுபடியும் எண்ணெய். கைக்குழந்தையை வளர்ப்பது போலத்தான். பொறியாளர்களும் இதற்கு மாற்றுத் தேடினார்கள். அவர்களில் ஒருவர் பேராசிரியர் ஹெலே-ஷா. ஸ்கூடாயில் திரவ இயக்கவியல் வகுப்பில் 'ஹெலே-ஷா ஓட்டம்' என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியபோது, அந்த மனிதர் கிளட்சும் செய்தார் என்று எனக்குத் தெரியாது. பல மெல்லிய உலோகத் தட்டுகளை எண்ணெயில் மூழ்கவைத்து அடுக்கினார். ஒவ்வொரு ஜோடியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க, வண்டி பதவிசாக நகர்ந்தது. இன்றைய மோட்டார்சைக்கிள் கிளட்ச் பெரும்பாலும் இந்த வம்சம்தான்.

இதற்கிடையே இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் மரப் பிரேக்கில் பழைய பூட்ஸை ஆணியடித்து ஓட்டுவதைக் கவனித்தார். மறுபடியும் செருப்பு! 1897இல் பிரேக் கட்டைகள் செய்ய ஆரம்பித்தார். தன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் உருவாக்கிய பெயர்தான் ஃபெரோடோ. முதலில் பருத்தி நெசவு. மோட்டார் வண்டியின் சூட்டுக்குப் பருத்தி தாங்கவில்லை. 1908 வாக்கில் அவர் கல்நாருக்கு மாறினார்.

கல்நார் ஓர் அற்புதமான பொருள். ஒரு பொறியாளனாக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எரியாது, மலிவு, நூலாகத் திரிக்கலாம், பிசினோடு சேர்த்து அச்சில் வார்க்கலாம், சூட்டிலும் உராய்வு பெரிதாக மாறாது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச் உலகமெங்கும் பரவியதற்கு இந்த லைனிங் ஒரு முக்கியமான காரணம். நம் அப்பாக்கள், தாத்தாக்கள் ஓட்டிய காடிகள் வெண்ணெய் மாதிரி நகர்ந்தன என்றால் அந்த வெண்ணெயில் கல்நார் கலந்திருந்தது.

1924இல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா இறந்தார். வயது 33. டர்னர் சகோதரர்களின் ஆலையில் கல்நார் நூற்றவர். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக், அதே ஆண்டு மருத்துவ இதழில் அந்தத் தூசியே காரணம் என்று எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த நோய்க்கு 'அஸ்பெஸ்டோஸிஸ்' என்ற பெயரையும் பயன்படுத்தினார். உயிரோடிருந்தபோது நெல்லி நோய்க்கால உதவி கேட்டிருந்தார். கம்பெனி மறுத்தது. அந்த டர்னர் குழுமத்தோடுதான் சில ஆண்டுகளில் ஃபெரோடோவும் இணைந்தது. 1931இல் பிரிட்டனில் கல்நார் ஆலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. ஆலைக்கு வெளியே, அதே லைனிங்கைக் கழற்றி மாட்டும் போமனைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

செந்தூலில் என் காடியைப் பார்க்கும் அங்கிளுக்கு அறுபத்தேழு வயது. பதினாறு வயதில் ஒரு வொர்க் ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அவரிடம் இதைக் கேட்டேன்.

"அப்பல்லாம் மாஸ்க் ஏதுப்பா? கியர்பாக்ஸ எறக்குன ஒடனே கம்ப்ரஸர் காத்துல ஊதுவோம். சாம்பலா பறக்கும். மூஞ்சி, முடி எல்லாம். அதோடயே ஒக்காந்து நாசி லெமாக் சாப்புடுவோம்."

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீங்களா அங்கிள்?"

"எடுத்து என்னா பண்ண?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கல்நார் நோய்கள் வெளியே தெரிய இருபது, முப்பது, சில சமயம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். உராயும் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு தாதுவாக மாறிவிடுகிறது, அதனால் வொர்க் ஷாப் தூசியில் ஆபத்து குறைவு என்று வாதிடுபவர்கள் உண்டு. மாறுவது உண்மை. மாறாத இழைகள் மிஞ்சுவதும் உண்மை. மலேசியாவில் 1986இல்தான் கல்நார் வேலைகளுக்கென்று தனி விதிகள் வந்து, மிகக் கொடிய நீலக் கல்நாரை விலக்கின. லைனிங்கில் அதிகம் பயன்பட்டதோ வெள்ளைக் கல்நார். பிரிட்டன் அதை முழுசாகத் தடை செய்தது 1999இல், அதாவது நெல்லி இறந்து 75 ஆண்டுகள் கழித்து.

கல்நார் போன இடத்துக்குக் கண்ணாடி இழை, பித்தளைக் கம்பி, அராமிட் இழை எல்லாம் வந்தன. அராமிடில் நமக்குத் தெரிந்த பெயர் கெவ்லார், டூபாண்ட் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக்கின் 1965ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. இந்தக் கலவை லைனிங்கைத்தான் கடைக்காரர்கள் 'ஆர்கானிக்' என்கிறார்கள். காய்கறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விமானப் பிரேக்குக்கும் டிராக்டருக்கும் போன இன்னொரு கிளை, உலோகப் பொடியையும் பீங்கானையும் சேர்த்துச் சுட்டு இறுக்கிய வில்லைகள். தட்டில் முழு வளையமாக இல்லாமல் நான்கோ ஆறோ வில்லைகளாகப் பதித்தால் அதுதான் 'பக்' கிளட்ச்.

இனி என் காடிக்கு வருகிறேன். கிளட்ச் தாங்கும் முறுக்கு விசை நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. லைனிங்கின் பரப்பளவு இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பரப்பளவு சூட்டைப் பங்கிடத்தான். ஜிடிஐயின் பழைய எஞ்சின் கொடுத்தது சுமார் 164 நியூட்டன் மீட்டர். தொழிற்சாலைகள் வழக்கமாக வைக்கும் உபரியைச் சேர்த்து, பழைய கிளட்ச் 230 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ எஞ்சின் கொடுப்பது 270. அப்புறம் ஏன் வழுக்காது? உபரியோடு எனக்கு வேண்டியது சுமார் 350, அதாவது பழையதைப் போல ஒன்றரை மடங்கு.

ஆரத்தைக் கூட்ட முடியாது, கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இடமில்லை. பரப்புகளைக் கூட்டினால் டுவின் பிளேட், அது ஹெலே-ஷாவின் வழி. விலையைப் பார்த்ததும் மூடிவிட்டேன். மிஞ்சுவது இரண்டு. அழுத்தும் விசையை 30 சதவீதம் கூட்டி, உராய்வுக் கெழுவை 0.30இலிருந்து 0.35 ஆக்கினால் போதும், 1.5 மடங்கு வந்துவிடுகிறது. நல்ல ஆர்கானிக் தட்டும் கனமான கவரும் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. பக்குக்கு வேலையே இல்லை.

ஆனாலும் நண்பர்கள் பக் போடச் சொன்னார்கள். "புக்கிட் திங்கி ஏறும்போது சும்மா கவ்வும் மச்சான்." கவ்வும்தான். சிக்கல் என்னவென்றால் பல பக் தட்டுகளில் கவ்வுவது மட்டுமே உண்டு. சாதாரணத் தட்டின் நடுவில் சின்னச் சுருள்வில்கள் இருக்கும், எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்க. இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலையலையாய் வளைந்த ஒரு மெல்லிய தகடு இருக்கும், பிடிப்பு படிப்படியாக ஏற. எடை குறையவும் கியர் சட்டென்று விழவும் பந்தயத் தட்டில் இவற்றைக் கழற்றிவிடுவார்கள். பந்தயத்தில் கிளட்சைப் பாதி மிதித்தபடி நிற்கிற நேரம் சில நொடிகள்தான். தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கம் போகிறவனுக்கு அது இரண்டு மணி நேரம். தோலுக்கு ஆமணக்கு எண்ணெய் பூசியவர்கள் எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தார்களோ, அதையே நாம் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

சூட்டையும் கணக்குப் போட்டேன். 1,100 கிலோ காடி நின்ற இடத்திலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்குள் கிளட்சில் வீணாவது ஏறத்தாழ 10 கிலோஜூல். ஒரு ஜேமில் நூறு முறை நின்று கிளம்பினால் பத்து லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். தெருவில் ஓடும் காடிக்கு முழு வளைய லைனிங் ஏன் பொருத்தம் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

கவர் கனமானால் கால் வலிக்குமே என்பது நியாயமான கேள்வி. பழைய காலத்துச் சுருள்வில் கவராக இருந்தால் நிச்சயம் வலிக்கும், அழுத்த அழுத்த எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். 1930களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த தட்டு வடிவ டயஃபிரம் வில் அப்படியல்ல. ஓர் உச்சத்தைத் தாண்டியதும் அதன் எதிர்ப்பு இறங்கும். அதன் மூதாதையான கூம்பு வட்டுக்கு ஜூலியன் பெல்வில் என்ற பிரெஞ்சுக்காரர் 1867இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார், காரே பிறக்காத காலத்தில். இருந்தாலும் 30 சதவீதம் 30 சதவீதம்தான். ஃபெடரல் நெடுஞ்சாலையில் முதல் வாரம் இடது முட்டி அதை எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது.

அங்கிள்தான் மாட்டினார். பழைய தட்டு வெளியே வந்ததும் நான் அவருக்கு முன்பே பிரேக் கிளீனரை எடுத்து, தூசி பறக்காமல் நனைத்தேன். "இதுல கல்நார் இல்லப்பா, பெட்டியிலயே போட்டிருக்கான்" என்றார். இருக்கட்டும் என்றேன். முதல் 800 கிலோமீட்டருக்கு முரட்டுத்தனமாக எடுக்கக் கூடாது, நின்று நின்று போனால் லைனிங் ஃபிளைவீலோடு நன்றாகப் படியும் என்று வழிகாட்டித் தாளில் இருந்தது. ஷா ஆலாமில் வேலை, செந்தூலில் வீடு. மூன்று வாரத்தில் படிந்துவிட்டது.