கேபில்டு

லினக்ஸ் கெர்னலையும் அதன் டிரைவர் மாட்யூல்களையும் தொகுக்கும் முறை. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய 'மேக்' கருவியே இதன் அடித்தளம். பழைய மேக்ஃபைல்களில் ஒவ்வொரு டிரைவருக்கும் 'ஒய் என்றால் இது, எம் என்றால் அது' என நிபந்தனை வரிகள் நீண்டுகிடந்தன; படிக்கவே மூச்சு முட்டும். 2001-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து அவை பட்டியலாகச் சுருங்கின. 'ஆப்ஜ்' என்ற சொல்லோடு அந்த டிரைவருக்கான தெரிவின் மதிப்பு ஒட்டிக்கொள்ளும்: ஒய் என்றால் கோப்பு கெர்னலுக்குள்ளேயே சேரும், எம் என்றால் தனி மாட்யூலாகும், மதிப்பில்லையேல் விடுபடும். பல வரி ஒரே வரியானது. இவ்வளவு அழகான சுருக்கம் நிரல் உலகில் அரிது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில் மாட்யூல் கோப்புக்குக் 'கேஓ' என்ற பின்னொட்டு வந்தது. கெர்னலுக்கு வெளியே எழுதும் எளிய மாட்யூலுக்கும் அந்த ஒரு வரியே போதும். ஆனால் ஓடும் கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் கணினியில் இருக்க வேண்டும்.