ஏட்டில் ஏறிய இசையும் ஏறாத இசையும்: நோர்வே மலைகளும் மாத்தளை மலைகளும்

1848ஆம் ஆண்டு மாத்தளையின் வரலாற்றிற் கலகத்தின் ஆண்டாகவே நினைவுகூரப்படுகின்றது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காணிகள் கைமாறியமையும், நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட புதிய வரிகளும் கண்டிச் சீமை மக்களைச் சினங்கொள்ளச் செய்தன. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டான். அவனைச் சூழ்ந்த மக்கள் மாத்தளைக்கு இறங்கி அரச அலுவலகங்களைத் தாக்கினர். அதே ஆண்டில், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், லுட்விக் மத்தியாஸ் லின்டெமான் என்னும் நோர்வேத் தேவாலய இசைவாணர், பல்கலைக்கழகமொன்று அளித்த சிறு உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டு வால்ட்ரெஸ் என்னும் மலைப்பள்ளத்தாக்கிற்குச் சென்றார். உழவரும் இடையரும் பாடிய பாட்டுகளைக் கேட்டுச் சுரக்குறிப்பில் எழுதி வருவதே அவர் மேற்கொண்ட பணி. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒருவகைத் தொடர்பும் இல்லை. ஆயினும் இவற்றை அருகருகே வைத்து நோக்குமிடத்து, மலைநாட்டு இசையின் வரலாறு பற்றி ஈழத்துத் தமிழுலகம் கேட்டிருக்கவேண்டிய வினாவொன்று தெளிவாகின்றது.

நோர்வே அன்று தனியரசன்று. 1814 வரை டென்மார்க்கின் ஆட்சியிலும், அதன்பின் 1905 வரை சுவீடனோடு இணைந்த முடியாட்சியிலும் இருந்த நாடு அது. நகரத்துக் கற்றோரின் எழுத்து மொழி டேனிஷ்; அவர்கள் போற்றிய இசை ஜெர்மானிய இசை. தமக்கெனத் தனித்தன்மை யாது என வினவிய தலைமுறையினருக்கு மலைக்கிராமங்களே விடையாகத் தோன்றின. லின்டெமான் 1853 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட மலைமெட்டுத் தொகுதி இத்தேடலின் பெரும்பயனாகும். 1870இல் எட்வார்ட் கிறீக் பியானோவுக்கு அமைத்த இருபத்தைந்து நாட்டார் பாடல்களும் ஆடல்களும் இத்தொகுதியிலிருந்தே எடுக்கப்பட்டன.

தொகுத்தவரைப் பற்றிப் பேசும்போது பாடியவரையும் வாசித்தவரையும் மறப்பது வரலாற்றாசிரியரின் பழைய வழக்கம். நோர்வேயில் அவ்வழக்கம் ஓரளவு முறிந்தது. தெலமார்க் பகுதியில் ஆலைக்காரனின் மகனாகப் பிறந்து, அதனாலேயே ‘மில்லர்குட்டென்’ எனப் பெயர்பெற்ற தோர்கெய்ர் அவுகுன்சொன் (1801–1872) ஹார்டாங்கர் பிடிலில் நிகரற்றவராக விளங்கினார். வில் தொடும் தந்திகளின்கீழ் வேறு சில தந்திகளும் அமைந்து, தொடப்படாமலே உடனொலிக்கும் கருவி அது. ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற வயலின் மேதை ஒலே புல், 1849இல் இந்த நாட்டுப்புறக் கலைஞரைத் தலைநகராகிய கிறிஸ்தியானியாவுக்கு அழைத்துவந்து மேடையேற்றினார். நகரத்தார் சீமான்களின் மண்டபத்தில் உழவனின் ஆடல் மெட்டைக் கேட்டனர்.

இதனினும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது க்னூட் டாலெயின் கதை. மில்லர்குட்டெனிடம் மெட்டுகளைக் கற்ற டாலெ, தாம் இறந்தால் அவையும் தம்மோடு மறையும் என்ற அச்சத்தால், 1888இல் கிறீக்குக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் உடனே பயன் தரவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே, 1901இல், கிறிஸ்தியானியாவின் நாடக அரங்கில் இசைக்குழுவை நடத்திவந்த யொஹான் ஹல்வொர்சென், முதியவராகிவிட்ட டாலெயை வாசிக்கச் செய்து பதினேழு மெட்டுகளை எழுதினார். அவற்றைப் பியானோவுக்கு அமைத்த கிறீக், ஹல்வொர்சென் எழுதிய வயலின் வடிவமும் தம் அமைப்போடு ஒருங்கே அச்சாக வேண்டும் என விரும்பினார். 1903இல் இரண்டும் வெளிவந்தன. தாம் மாற்றியது எது, டாலெ வாசித்தது எது என்பதைப் படிப்போர் ஒப்பிட்டறிய வழிவிட்ட நேர்மை அது. பிறர் மெட்டைத் தம் பெயரில் விற்போர் மலிந்த இசையுலகில் இந்நேர்மை அருமையானது.

எழுத்துக்குறிப்பு எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளவில்லை என்பதும் உண்மையே. தெலமார்க்கின் ஸ்ப்ரிங்கார் ஆடலில் மூன்று அடிகளும் சம அளவின அல்ல. ஒன்று நீள்கிறது, ஒன்று குறுகுகிறது. சம அளவான கட்டங்களைக் கொண்ட ஐரோப்பிய சுரக்குறிப்பில் இந்த அசைவு அடங்குவதில்லை. ஆயினும் குறிப்பு இருந்தமையாலேயே, அது எதனைத் தவறவிட்டது என்று பிற்காலத்தார் வாதிட முடிந்தது.

நோர்வேயைப் புகழ்ந்து முடித்துவிடுவதும் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சமயப் பற்றாளர் பலர் ஹார்டாங்கர் பிடிலைப் பேயின் கருவி என்று இகழ்ந்தனர். எரிக்கப்பட்ட பிடில்களும் உள. வடக்கே வாழும் சாமி இனத்தாரின் நிலை இதனினும் கொடிது. அவர்களுடைய முழவு சூனியக் கருவியாகக் கருதப்பட்டது. 1692இல் வாட்சோ என்னுமிடத்தில் முழவு வைத்திருந்தமைக்காக அண்டெர்ஸ் பௌல்சென் என்னும் முதியவர் விசாரிக்கப்பட்டார். தீர்ப்பு வருமுன்னரே காவலிற் கொல்லப்பட்டார். டென்மார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது முழவு 2022இலேயே சாமி மக்களின் உடைமையாயிற்று. ஒரே நாட்டில் உழவனின் பிடில் தேசியச் சின்னமாகவும் சிறுபான்மையினரின் முழவு குற்றச் சான்றாகவும் இருந்தமை நோக்கற்பாலது. மலையகத்தின் தப்பைப் பற்றிச் சிந்திப்போருக்கு முன்னதனினும் பின்னதே நெருங்கிய ஒப்புமை.

மாத்தளைக்குத் திரும்பலாம். தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காடு கடந்து நடந்து, மலைநாட்டின் வாயிலாக அடைந்த ஊர் மாத்தளை. வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தப்பி வந்தோர் வணங்கிய மாரியம்மனே பின்னர் முத்துமாரியம்மனாக ஊரின் நடுவே கோயில் கொண்டாள். 1874இல் கோயில் எழுந்தது. 1880இல் புகையிரதம் மாத்தளையை எட்டியது. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. பயிர்கள் மாறின, அவற்றோடு வேலை முறையும் மாறிற்று. நடந்து வந்தோர் கொணர்ந்த இசை மாத்திரம் லயன்களிலே தங்கிற்று. வரிசையாகக் கட்டப்பட்ட அவ்வறைகளை மலையக வழக்கிலே ‘லயம்’ என்பர். ஆங்கிலச் சொல்லொன்று சிதைந்து இசைக்கலையின் சொல்லோடு ஒன்றிவிட்டது. தற்செயலே எனினும் பொருத்தமான தற்செயல்.

அவ்விசையின் நடுநாயகம் தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் ஒருபுறம் தோல் போர்த்து, வைக்கோல் நெருப்பில் வாட்டிச் சுதியேற்றி, மெல்லிய நெடுங்குச்சி ஒன்றாலும் தடித்த குறுங்குச்சி ஒன்றாலும் அடிக்கப்படும் கருவி. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பாலையா தமிழாக்கிய ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் கவிதை நூல் இவ்வொலியை மலையக வாழ்வின் குறியீடாகவே ஆக்கிற்று. தோட்டத் துரைக்கு அது மணியோசை போன்றதொரு கருவி. லயத்தில் வாழ்ந்தோருக்கோ, சாமி அடி வேறு, சாவு அடி வேறு, கூத்து அடி வேறு. முதல் நாலைந்து அடிகளைக் கேட்டவுடனேயே அயல் மலையில் நிற்பவனும் நடந்தது யாதென அறிவான். இத்துணை நுட்பமான தாள மொழியைப் பேசியோர் சாதியாற் கீழ்நிலையில் வைக்கப்பட்டனர். கோயிலில் நாதசுரமும் தவிலும் அம்மன் சந்நிதிக்கு அருகே ஒலிக்க, தப்பு வெளியே நின்றது. கற்றறிந்த தமிழர் அதனை இசையாக எண்ணவே நெடுங்காலம் மறுத்தனர். பிற்கால இளைஞர் சிலர் இழிவின் அடையாளம் எனக் கருதி அதனைத் தொட மறுத்தனர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் மேற்சாதியார் காதை மூடியதாலும் வாசித்தோரின் பிள்ளைகள் கையை விலக்கியதாலும் இழப்புற்றது ஒரே கலைதான்.

தப்பின் முழு ஆற்றலும் வெளிப்படும் களம் காமன் கூத்து. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றப்படுகின்றது. மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்று நெற்றிக் கண்ணால் எரிந்த கதையும், ரதியின் புலம்பலும், அவன் மீண்டெழுதலும் பல இரவுகள் பாடி ஆடப்படுகின்றன. தஞ்சைப் பகுதியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என லாவணி வாதமாக வளர்ந்த இக்கதை, தோட்டங்களில் ஊர் முழுவதும் பங்குகொள்ளும் சடங்காக நிலைத்தது. ஆண்மகன் ஒருவனே ரதி வேடம் பூணுவான். அவன் பாடும் புலம்பலில் லயத்து ஒப்பாரியின் சாயலை அவையோர் உணர்வர். இளவயதில் கணவனை இழந்த பெண்கள் மலிந்த சமூகத்தில் அது வெறும் புராணமாக இருந்திருக்க முடியாது. கூத்து வாத்தியாரே இதற்கு ஏடு, இயக்குநர், பின்பாட்டுத் தலைவர் எல்லாம். பகலிற் கவ்வாத்து வெட்டி, இரவில் ஆயிரக்கணக்கான அடிகளை நினைவிலிருந்து பாடிய அம்மனிதர்களின் பெயர்கள் எந்த இசை வரலாற்றிலும் இல்லை. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளுக்கும் இதுவே பொருந்தும்.

அச்சுக்கு வந்த பாட்டும் உண்டு. 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் கற்பித்த அந்நூல் தோட்டத்தை மேற்பார்ப்போரின் நோக்கில் எழுதப்பட்டது. பெண்களின் ஆடல் வடிவம் முதலாளியின் கைநூலாயிற்று. 1930களில் கோ. நடேசையரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் இதற்கு நேர்மாறான வழியிற் சென்றனர். துயரச் சிந்துகளையும் கீதங்களையும் இயற்றி, சிறு நூல்களாக அச்சிட்டு, தொழிலாளர் கூட்டங்களிற் பரப்பினர். பேச்சைக் கேட்கத் தயங்கியோரும் மீனாட்சியம்மையின் பாட்டைக் கேட்க நின்றனர். மலையக இசை வரலாற்றில் பெயர் அறியப்பட்ட பெண் பாடகர் என்ற வகையில் அவ்வம்மையாருக்குரிய இடம் இன்னும் முறையாக வழங்கப்படவில்லை.

தாலாட்டு, கொழுந்து பறிக்கையிற் பாடும் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைத் தேடிச்சென்று எழுதியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). தொழிற்சங்கப் பணிக்காகத் தோட்டம் தோட்டமாக நடந்த கால்களே அவரைப் பாட்டிடமும் கொண்டுசேர்த்தன. 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவ்வுழைப்பின் பயன். பின்னர் சாரல்நாடனும் மு. சிவலிங்கமும் இப்பணியைத் தொடர்ந்தனர். இவர்கள் இல்லையேல் அச்சொற்களும் இருந்திரா. ஆனால் அத்தொகுதிகளில் உள்ளவை சொற்களே. எந்தச் சுருதியில் தொடங்குவது, எந்த எழுத்தை நீட்டுவது, பின்பாட்டு எங்கே நுழைவது என்பனவற்றை ஏடு சொல்லாது. நாட்டார் பாடலை இலக்கியத்தின் கிளையாகவே கற்பித்த தமிழ்த்துறைகளின் மரபு இக்குறைக்கு ஒரு காரணம். மறுபுறம், கருநாடக இசை கற்றோர் நாட்டார் மெட்டை ஆராய்ச்சிக்குரியதென ஏற்க விரும்பவில்லை. பாட்டு இருவருக்கும் இடையே விழுந்தது.

இதே தீவில், இதே மாத்தளை மாவட்டத்தில் வழங்கும் சிங்கள நாட்டாரிசைக்கு வேறொரு விதி வாய்த்தது. கண்டியிலும் மாத்தளையிலும் ஆடப்படும் கொஹொம்ப கங்காரியச் சடங்கின் பறையொலியும் ஒருகாலத்திற் சாதிக்குரிய தொழிலாகவே கருதப்பட்டது. பின்னர் அது தேசியக் கலையாக உயர்த்தப்பட்டது. டபிள்யு. பி. மக்குலொலுவ நாட்டார் மெட்டுகளைத் தொகுத்து மேடைக்குக் கொணர்ந்தார். 1970களில் சி. த எஸ். குலதிலக்க, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நாட்டாரிசை ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்து, கிராமங்களுக்குச் சென்று ஒலிப்பதிவு செய்தார். லின்டெமானும் ஹல்வொர்செனும் நோர்வேக்குச் செய்ததை இவர்கள் சிங்கள இசைக்குச் செய்தனர் எனலாம். தேசம் ஒன்று தன் இசை என ஏற்றுக்கொள்வதையே பதிவு செய்கின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை அத்தேசத்திற்குப் புறம்பாக்கியிருந்தமையை இவ்விடத்து நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பதிவு நிகழாத காலத்திலேயே கலைஞரும் சிதறினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தின்போது கண்டி, மாத்தளை மாவட்டங்களின் இடைநிலத் தோட்டங்கள் பல கைமாற, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் வேலையும் உறைவிடமும் இழந்தனர். 1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. கூத்தைத் தனியொருவர் கொண்டுசெல்ல முடியாது. ரதியாக ஆடுபவர் ஒரு தோட்டத்திலும், தப்படிப்பவர் வவுனியாவிலும், வாத்தியார் தமிழகத்திலும் இருப்பின் அது நினைவாகவே எஞ்சும்.

2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம் முன்னோர் வந்த வழியே ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. பாதை மீட்கப்பட்டுவிட்டது, பாட்டை மீட்பதற்கு அந்த ஒரு பாதை போதாது. தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் உள்ளன. அங்கு குடியேறியோரிடையே மாத்தளைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் வாழ்கின்றனர். மாத்தளைக் காமன் கூத்தின் மெட்டுகளைத் தேடிப் புறப்படும் மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு நீலகிரிக்கும் போதல் வேண்டும். க்னூட் டாலெயின் கடிதத்தைப் போன்ற அழைப்பொன்று அங்கிருந்து வருமெனக் காத்திருத்தல் இயலாது.