இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களில் ஆய்வுக் குழுக்கள் எப்படிச் செயல்படுகின்றன?

படிப்புக்காகவும் வேலைக்காகவும் இங்கிலாந்து சென்று, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்ட தமிழ் முஸ்லிம்கள் பலர். லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, குராய்டன் போன்ற பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்களைப் பரவலாகக் காணலாம். குடியேறிய நாள் முதல் இவர்கள் கவுன்சில் வரி கட்டுகிறார்கள். குப்பை அள்ளுவது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் ஒதுக்குவது, முதியவர்களுக்கு வீட்டுப் பராமரிப்பு ஏற்பாடு செய்வது, பிறப்பு இறப்பைப் பதிவு செய்வது எல்லாம் லண்டனில் அந்தந்தப் பகுதி கவுன்சிலின் பொறுப்பு. இந்த வேலைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கேட்பதற்கென்றே கவுன்சிலுக்குள் ஒரு குழு இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

அதை 'ஸ்க்ரூட்டினி கமிட்டி' என்று அங்கே சொல்வார்கள். நாம் ஆய்வுக் குழு என்று அழைப்போம். நம் ஊர் மாநகராட்சிகளில் உள்ள நிலைக்குழுக்களைப் போன்றதல்ல இது. சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு என்று ஒன்று உண்டே, அதன் இயல்புக்குத்தான் இது நெருக்கமானது. தானாக எதையும் முடிவு செய்யாது. முடிவு செய்தவர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்கும்.

2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம்தான் இதற்கு அடித்தளம். அதுவரை இங்கிலாந்துக் கவுன்சில்களில் எல்லா உறுப்பினர்களும் ஏதாவது ஒரு கமிட்டியில் அமர்ந்து முடிவெடுப்பதில் பங்கு பெற்றார்கள். புதிய சட்டம் அதிகாரத்தை ஒரு தலைவரிடமும் அவருடைய சிறு அமைச்சரவையிடமும் ஒப்படைத்தது. சில ஊர்களில் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர் வந்தார். மீதமுள்ள கவுன்சிலர்களுக்கு என்ன வேலை? அமைச்சரவையைக் கண்காணிப்பது. அதனால்தான் அமைச்சரவையில் இருப்பவர் ஆய்வுக் குழுவில் இருக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சில கவுன்சில்கள் பழைய கமிட்டி முறைக்கே திரும்பிவிட்டன. அங்கே இத்தகைய குழு தனியாக இல்லாமலும் இருக்கலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஏற்பாடுகள் வேறு. இந்தக் கட்டுரை இங்கிலாந்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஓர் ஆய்வு எப்படி நடக்கும் என்பதற்கு, நம் குடும்பங்களையும் தொடும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் என்ன உதவி தர வேண்டும் என்பதை எழுத்தில் உறுதி செய்யும் ஆவணத்தை 'இ.எச்.சி. பிளான்' என்பார்கள். பெற்றோர் மனுக் கொடுத்தால், திட்டம் தருவது என்று முடிவாகும் பட்சத்தில் 20 வாரங்களுக்குள் அதை இறுதி செய்து தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கிறது என்று பெற்றோர் பலர் புலம்புகிறார்கள். ஆய்வுக் குழு இதைத் தன் ஆண்டு வேலைத்திட்டத்தில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்?

முதலில் கல்வித் துறை இயக்குநரும், அந்தப் பொறுப்பில் உள்ள அமைச்சரவை உறுப்பினரும் வந்து பதில் சொல்ல வேண்டும். வர முடியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. அழைத்தால் வருவது சட்டக் கடமை. கடந்த ஆண்டு எத்தனை திட்டங்கள் 20 வாரத்துக்குள் முடிந்தன, எத்தனை முடியவில்லை, கல்வி உளவியலாளர் பணியிடங்கள் எத்தனை காலி, தீர்ப்பாயத்துக்குப் போன வழக்குகளில் கவுன்சில் எத்தனையில் தோற்றது என்றெல்லாம் கேட்கலாம். அமைச்சரவையிடம் உள்ள ஆவணங்களைக் குழு உறுப்பினர் கேட்டால், சில விலக்குகள் நீங்கலாக, 10 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். விஷயம் பெரிது என்றால் நாலைந்து கவுன்சிலர்களைக் கொண்ட ஒரு சிறு குழுவை அமைப்பார்கள். அவர்கள் பள்ளிகளுக்குப் போவார்கள், பெற்றோரைச் சந்திப்பார்கள், பக்கத்துக் கவுன்சில் எப்படிச் செய்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு பரிந்துரைகளோடு அறிக்கை தருவார்கள். அந்த அறிக்கைக்கு அமைச்சரவை இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.

பதில் தர வேண்டும் என்பதுதான் கட்டாயம். பரிந்துரையை ஏற்க வேண்டும் என்பது கட்டாயமல்ல. அதனால் இதைப் பல் இல்லாத பாம்பு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மூடிய அறைக்குள் எடுத்த ஒரு முடிவுக்கு, காரணத்தைப் பொதுமக்கள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற எண்ணமே அதிகாரிகளைக் கொஞ்சம் கவனமாக இருக்க வைக்கும். ஆனால் கேள்வி உருப்படியாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. இது பின்னால் வரும் சம்பவத்தில் தெரியும்.

இன்னொரு கருவியும் உண்டு. அமைச்சரவை எடுத்த முடிவு நடைமுறைக்கு வருவதற்கு முன், குறிப்பிட்ட எண்ணிக்கையில் கவுன்சிலர்கள் கையெழுத்திட்டு அதை ஆய்வுக் குழுவுக்கு இழுக்கலாம். 'கால் இன்' என்று பெயர். நூலகத்தை மூடுவது, பகல்நேரப் பராமரிப்பு மையத்தை நிறுத்துவது போன்ற முடிவுகளில் இது அடிக்கடி பயன்படும். அவகாசம் குறைவு, பெரும்பாலான கவுன்சில்களில் ஐந்து வேலை நாட்கள்தான். குழு மறுபரிசீலனைக்கு அனுப்பினாலும் அமைச்சரவை அதே முடிவை உறுதி செய்துகொள்ளலாம். பெரிய முடிவுகளை எடுக்கப் போகிறோம் என்று 28 நாட்களுக்கு முன்பே கவுன்சில் அறிவிக்க வேண்டும் என்பதால், முடிவு வந்த பிறகு ஓடுவதை விட அந்த அறிவிப்புப் பட்டியலைப் பார்த்து வைப்பது நல்லது.

ஆய்வுக் குழுவின் கை கவுன்சிலோடு நின்றுவிடுவதில்லை. குற்றத் தடுப்பில் கவுன்சிலும் காவல்துறையும் சேர்ந்து செய்யும் வேலையை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆராய வேண்டும். மிக முக்கியமானது மருத்துவம். 2001இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். நிர்வாகிகளை அழைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் இக்குழுக்களுக்கு வந்தது. மருத்துவமனையில் ஒரு பிரிவை மூடுவது போன்ற பெரிய மாற்றம் செய்வதற்கு முன் அவர்கள் இக்குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பிரதிநிதி மருத்துவமனை நிர்வாகத்தைக் கேட்கலாம் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த அதிகாரம் வந்த சில ஆண்டுகளிலேயே, அது எப்படி வீணாகும் என்பதையும் ஸ்டாஃபோர்ட் நகரம் காட்டிவிட்டது.

ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையை நடத்திய மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் நிர்வாகம், 2006-07ஆம் ஆண்டில் ஒரு கோடி பவுண்டு செலவைக் குறைக்க முனைந்து 150க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தது. வார்டுகளில் செவிலியர் போதவில்லை. முதிய நோயாளிகள் அழுக்குப் படுக்கையிலேயே விடப்பட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு கை எட்டாத இடத்தில் வைக்கப்பட்டு, அப்படியே திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது. தண்ணீர் கொடுக்க ஆளில்லை. இத்தனைக்கும் நடுவில், 2008 பிப்ரவரியில் அந்த நிர்வாகத்துக்குக் கூடுதல் தன்னாட்சி தரும் உயர் தகுதி வழங்கப்பட்டது.

2007இல் தன் தாயை அந்த மருத்துவமனையில் இழந்த ஜூலி பெய்லி என்ற பெண், தன் சிற்றுண்டிக் கடையையே கூடுமிடமாக வைத்து, அதேபோல் உறவினரை இழந்தவர்களைத் திரட்டினார். 2009 மார்ச்சில் மருத்துவக் கண்காணிப்பு ஆணையத்தின் அறிக்கை வெளிவந்த பிறகே நாடு விழித்தது. ராபர்ட் பிரான்சிஸ் என்ற மூத்த வழக்கறிஞர் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரி 6 அன்று வெளியானது. 290 பரிந்துரைகள்.

அந்த அறிக்கை மருத்துவமனையை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஊரில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இருந்தன; ஒன்று மாவட்ட அளவிலான கவுன்சிலுடையது, மற்றொன்று நகரக் கவுன்சிலுடையது. இரண்டுமே மருத்துவமனையில் நடக்கும் கோளாறின் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கவும் இல்லை, அவற்றின் பொருளை உணரவும் இல்லை என்று பிரான்சிஸ் எழுதினார். அவர்களுடைய கூட்டக் குறிப்புகளே உள்ளூர் மருத்துவப் பிரச்சினைகளில் அவர்களுக்குப் பிடிமானம் இல்லாததைக் காட்டின. சட்டம் கொடுத்த அதிகாரம் கையில் இருந்தது. எங்கே, என்ன கேட்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. நிர்வாகம் கொண்டுவந்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அறைக்கும், இறந்தவர்களின் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த அந்தச் சிற்றுண்டிக் கடைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. இரண்டும் சந்திக்கவில்லை. அறிக்கைகளைக் கருத்துச் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் போக வேண்டும், குழுக்களுக்கு நிபுணர் உதவியும் வழிகாட்டலும் வேண்டும் என்று பிரான்சிஸ் பரிந்துரைத்தார்.

பண விஷயத்தில் குராய்டன் ஓர் எடுத்துக்காட்டு. கவுன்சில் தானே தொடங்கிய வீடு கட்டும் கம்பெனிக்குக் கிட்டத்தட்ட 20 கோடி பவுண்டு கடன் கொடுத்திருந்தது. 2020 நவம்பரில், வரவுக்கு மேல் செலவு போய்விட்டது, புதிய செலவு எதுவும் செய்ய முடியாது என்று அறிவிக்கும் '114' நோட்டீஸை வெளியிடும் நிலைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் தணிக்கையாளர்கள் தந்த பொதுநல அறிக்கை, ஆய்வுக் குழு உள்பட உறுப்பினர்கள் போதுமான அளவு கேள்வி எழுப்பவில்லை என்று சுட்டிக்காட்டியது. கணக்கு சரியில்லை என்றால் அதன் சுமை கடைசியில் வரி கட்டும் குடும்பங்கள் மேல்தான் விழுகிறது.

ஏன் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள்? 2017 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை ஆராய்ந்தது. பல கவுன்சில்களில் ஆளுங்கட்சிக்காரரே ஆய்வுக் குழுவுக்கும் தலைவர். சொந்தக் கட்சியின் அமைச்சரவையைக் குடைந்து கேட்டால் அடுத்த ஆண்டு பதவி இருக்காது. குழுவுக்கு உதவ ஊழியர் குறைவு. இருப்பவரும் அதே அதிகாரிகளின் கீழ் வேலை செய்பவர். இதையெல்லாம் அக்குழு வெளிப்படையாகவே பேசியது. 2019இல் அரசு புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதைக் கவுன்சில்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. அடிப்படைக் கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

மருத்துவ விஷயத்தில் ஓர் அதிகாரம் போயும்விட்டது. மருத்துவமனை மாற்றங்களை எதிர்த்து விஷயத்தைச் சுகாதார அமைச்சருக்கு முறைப்படி அனுப்பும் உரிமை 2024 ஜனவரி 31 முதல் குழுக்களுக்கு இல்லை. இப்போது யார் வேண்டுமானாலும் தலையிடும்படி அமைச்சருக்கு எழுதலாம். கலந்தாலோசிக்க வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

அங்குள்ள நம் குடும்பங்கள் இதில் என்ன செய்ய முடியும்? முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 'என் பிள்ளையின் மனுவை இழுத்தடிக்கிறார்கள்' என்ற தனிப்பட்ட புகாரை ஆய்வுக் குழு விசாரிக்காது. அதற்குக் கவுன்சிலின் புகார்ப் பிரிவும், அங்கே தீரவில்லை என்றால் உள்ளாட்சிக்கான ஆம்பட்ஸ்மனும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே குறை பத்துக் குடும்பங்களுக்கு இருந்தால், தேதி விவரங்களோடு எழுதி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கலாம். அவர் அதைக் குழுவின் முன் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், அங்கே தங்கும் அனுமதி இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆகவே அந்தக் கவுன்சிலருக்கு நீங்களும் வாக்காளர்தான். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் ஐந்து வேலை நாட்களுக்கு முன் வெளியாகும். யாரும் போய் உட்காரலாம், படம் பிடிக்கவும் செய்யலாம். பேச வேண்டுமானால் பல கவுன்சில்களில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

கல்வியை ஆராயும் குழுவில் வெளியாட்களுக்கும் இடம் உண்டு. பள்ளிகளின் பெற்றோர் நிர்வாகிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கும், இங்கிலாந்துத் திருச்சபை, கத்தோலிக்கத் திருச்சபை ஆகியவற்றின் பிரதிநிதிகளுக்கும் கல்வி விஷயங்களில் வாக்குரிமை இருக்கிறது. முஸ்லிம்கள் உள்படப் பிற சமயத்தவரைக் கவுன்சில் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், பொதுவாக வாக்குரிமை இல்லாமல். பெற்றோர் பிரதிநிதி இடத்துக்கு மதம் ஒரு பொருட்டல்ல. பிள்ளை படிக்கும் பள்ளியில் பெற்றோர் நிர்வாகியாக இருப்பவர் போட்டியிடலாம்.

ஜனாஸா விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்தில், கொரோனரிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் மருத்துவப் பரிசோதகர் ஒருவர் சரிபார்த்த பிறகே பதிவாளரிடம் போக முடியும். அவருடைய அலுவலகம் என்.எச்.எஸ். பொறுப்பில் இருப்பது, பதிவாளர் அலுவலகமும் பொது மையவாடியும் கவுன்சிலுடையவை. சனி, ஞாயிறில் மரணத்தைப் பதிய முடியுமா, அன்றைக்கே கப்ரு தோண்டித் தருவார்களா என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் வஃபாத்தானால் திங்கள்வரை காத்திருக்க வேண்டிய நிலை ஏன், எத்தனை குடும்பங்கள் கடந்த ஆண்டில் அப்படிக் காத்திருந்தன என்பது ஆய்வுக் குழு இந்த மூன்று தரப்பையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்கக்கூடிய கேள்வி. கொரோனரின் தீர்மானத்தில் மட்டும் அது தலையிட முடியாது. அவர் நீதித்துறைப் பொறுப்பு வகிப்பவர். ஆனால் அவருடைய அலுவலகத்துக்கு ஊழியரும் இடமும் கொடுப்பது கவுன்சில் என்பதால், விடுமுறை நாட்களில் அங்கே தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கிறாரா என்று தாராளமாகக் கேட்கலாம்.