தாய்மொழியில் பிறந்த பாலன்: நிக்கோபார்ச் சிறாருக்குக் கிறிஸ்துமஸின் பொருள் சென்றடைந்த வரலாறு (1768–2005)

முன்னுரை

டிசம்பர் பிறந்தால் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும். அடுப்பில் அச்சு முறுக்கு வேகும், கேரல் குழு வந்து கதவைத் தட்டும். இத்தனையும் பார்த்து வளரும் பிள்ளையிடம் கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று கேட்டால், புதுத்துணியும் கேக்கும் முதலில் வரும். பெத்லகேம் பிறகுதான் வரும். விழாவின் பொருளைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்வி கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கேள்விக்கு ஒரு தீவுக்கூட்டத்தின் வரலாறு விடை வைத்திருக்கிறது. சோழர் கல்வெட்டு நக்கவாரம் என்று சொல்லும் நிக்கோபார்தான் அது.

நிக்கோபாரில் இந்தக் கல்வி மூன்று கட்டங்களாக நடந்தது. முதற்கட்டத்தில் போதகர் இருந்தனர், தீவின் மொழி அவர்கள் வசப்படவில்லை. இரண்டாம் கட்டத்தில் பள்ளி வந்தது. மூன்றாம் கட்டத்தில் கதை வீட்டு மொழியில் அச்சாகி வீட்டுக்கே வந்தது. பெரியவர் நம்பி, பிறகு பிள்ளைக்குச் சொல்வதே வழக்கம் என்று நாம் எண்ணுகிறோம். இத்தீவுக்கூட்டத்தின் கார் நிக்கோபார்த் தீவில் கதை முதலில் பிள்ளையிடம் வந்தது. பிள்ளை வழியாகவே ஊருக்குள் சென்றது. பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல முடிந்தபோதுதான் விழாவின் பொருள் அங்கே வேர் பிடித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. மெழுகுவத்தி இருந்தது, மொழி இல்லை (1768–1787)

தரங்கம்பாடியிலிருந்த டேனிஷ் வணிகர்கள் 1756-இல் நிக்கோபாரைத் தங்கள் குடியேற்றமாக அறிவித்தனர். அவர்களுக்குத் துணையாக மொராவிய சபையார் 1760-இல் தரங்கம்பாடி வந்து, ஊரை அடுத்து ஒரு தோட்டக் குடியிருப்பை அமைத்தனர். அங்கிருந்து 1768-இல் நான்கவுரித் தீவுக்குச் சென்றனர்.

கிறிஸ்துமஸைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த வரலாற்றில் இச்சபைக்குத் தனி இடம் உண்டு. 1747 டிசம்பரில் ஜெர்மனியின் மரியன்போர்ன் என்னும் ஊரில் அச்சபையின் போதகர் யோகன்னஸ் டி வாட்டவில், சிறுவர் ஆராதனைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சிவப்பு நாடா கட்டிய எரியும் மெழுகுவத்தியைக் கொடுத்தார். பிறந்த பாலன் நெஞ்சில் ஏற்றும் ஒளியையும் அவர் பின்னாளில் சிந்திய இரத்தத்தையும் பிள்ளை கண்ணால் பார்த்து உணர்வதற்கான ஏற்பாடு அது. இன்று பல நாடுகளின் ஆலயங்களில் கிறிஸ்டிங்கிள் என்ற பெயரில் நடக்கும் சிறுவர் வழிபாடு அதிலிருந்து வளர்ந்தது. பல முனைகள் கொண்ட காகித நட்சத்திர விளக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சபையின் நீஸ்கிப் பள்ளியில் வடிவியல் பாடமாகத் தொடங்கியதே.

பொருளைப் பிள்ளையின் கையில் கொடுக்கத் தெரிந்த அந்தச் சபைக்கு நான்கவுரியில் ஒன்றும் கைகூடவில்லை. அங்கே 1779 முதல் 1787 வரை இருந்த யோகான் கோட்ஃபிரீட் ஹென்சல் எழுதிய கடிதங்கள் 1812-இல் நூலாயின. காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோனதை அவை சொல்கின்றன. நான்கவுரியில் மட்டும் 11 பேரின் கல்லறைகள் எழுந்தன. பணி முடங்கியதற்கு நோய் ஒரு காரணம், மொழி மற்றொன்று. தீவாருடன் அவர்கள் பேசியது கடல்வணிகர் விட்டுச்சென்ற கலப்புப் போர்த்துக்கீசியம். தேங்காய்க்கும் துணிக்கும் விலை பேச அந்த மொழி போதும். தாயின் மடியிலிருக்கும் பிள்ளையிடம் ஒரு பிறப்பின் கதையைச் சொல்ல அது போதாது. 1787-இல் எஞ்சியவர் தரங்கம்பாடி திரும்பினர்.

அதே தரங்கம்பாடியை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1706-இல் வந்திறங்கிய போதகர் சீகன்பால்கு மணலில் எழுதித் தமிழ் பயின்றார், பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஒரே துறைமுகத்திலிருந்து புறப்பட்ட இரு முயற்சிகளில் ஒன்று நிலைத்தது, மற்றொன்று கல்லறைகளோடு நின்றது. இரு இடத்துக்கும் தட்பவெப்பமும் அரசியலும் வேறு என்பது உண்மை. ஆயினும் பிள்ளையின் மொழியைக் கற்ற முயற்சியே நிலைத்தது என்பதை மறுக்க முடியாது.

2. மூஸ் கிராமத்துப் பள்ளி (1896–1942)

நூறாண்டுக்குமேல் கழித்துக் கார் நிக்கோபாருக்கு வந்தவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். உபதேசியாரான அவர் 1896 முதல் தீவின் வடகரையில் உள்ள மூஸ் கிராமத்தில் தங்கினார். ஆங்கில அரசின் முகவராகக் கப்பல்களைப் பதிவு செய்வது, வானிலையைக் குறித்து வைப்பது, வணிகரைக் கண்காணிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இவற்றோடு ஒரு சிறு பள்ளியையும் நடத்தினார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளைத் தீவுகளின் தலைமை ஆணையர் ரிச்சர்டு டெம்பிள் 1902-இல் லண்டன் மானிடவியல் இதழில் வெளியிட்டார். தீவாரின் சடங்குகளை நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய முதல் ஆவணங்களில் அது ஒன்று.

சாலமோன் கண்ட ஊரின் அமைப்பு நம் பொருளோடு நேரே தொடர்புடையது. ஒவ்வொரு கிராமத்துக்கும் கடற்கரையில் எல்பனம் என்னும் பொதுவெளி இருந்தது. ஊர்க்கூட்டமும் விழாவும் அங்கேதான். அங்கேயே பிரசவத்துக்கென ஒரு குடிலும் இறப்புக்கென ஒரு குடிலும் இருந்தன. நிறைமாதப் பெண் தன் வீட்டைவிட்டு அந்தக் கரையோரக் குடிலுக்கு வந்து பிள்ளை பெறுவாள்.

லூக்கா சுவிசேஷத்தின் பிறப்புக் கதையை இந்த ஊர்ப் பிள்ளை கேட்பதாக எண்ணிப் பாருங்கள். பாலன் வீட்டுக்கு வெளியே பிறந்தான் என்றால் ஐரோப்பியப் பிள்ளை திடுக்கிடும். மூஸ் பிள்ளைக்கு அதில் வியப்பு ஏது? அதுவும் அதன் தம்பியும் ஊரிலுள்ள எல்லோரும் வீட்டுக்கு வெளியேதான் பிறந்தார்கள். அப்பிள்ளைக்குப் புரியாதது வேறொன்று: வந்தவருக்கு இடமில்லை என்று ஓர் ஊர் எப்படிச் சொல்லும்? தாய்வழியும் தந்தைவழியும் பல குடும்பங்கள் சேர்ந்து துஹெட் என்னும் பெருங்குடும்பமாக வாழும் தீவில், தோட்டமும் பன்றியும் உணவும் பொதுவாக இருக்கும்போது, இடமில்லை என்ற சொல்லே அந்நியமானது. ஆகவே கதையின் கூர்முனை இங்கே இடம் மாறுகிறது. தொழுவத்தில் பிறந்ததைக் காட்டிலும் கதவு அடைபட்டதே பிள்ளையின் மனத்தைத் தொட்டிருக்கும். ஆசிரியர் ஊரறிந்தவராக இருந்தால்தான் எந்த இடத்தில் நிறுத்தி விளக்குவது என்பது தெரியும்.

ஆடும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. பன்றியும் கோழியும் தென்னையும் தாழைக்கனியுமே தீவின் செல்வம். இந்த இடைவெளியை மொழிபெயர்ப்பு தற்செயலாகவே நல்வழியில் கடந்தது. பர்மாவில் பணியாற்றிய ஜார்ஜ் வைட்ஹெட் கார் நிக்கோபார் மொழியை ரோமன் எழுத்தில் எழுதி, 1925-இல் அதற்கு அகராதியும் வெளியிட்டார். அம்மொழியில் முதலில் அச்சான வேதப்பகுதி மத்தேயு சுவிசேஷம், 1913-இல் வந்தது. மத்தேயுவின் பிறப்புக் கதையில் மேய்ப்பர் இல்லை, ஆட்டுமந்தை இல்லை. ஒரு விண்மீனும் அதைப் பின்பற்றித் தூரதேசத்திலிருந்து வரும் ஞானியரும் உண்டு. பானைக்காகவும் ஓடத்துக்காகவும் இரவில் விண்மீன் பார்த்துச் சௌரா தீவு வரை துடுப்பு வலித்த தகப்பன்மாரின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைத்திருக்காது.

சாலமோன் தம் மாணவரில் சிலரை மேற்படிப்புக்காகப் பர்மாவுக்கு அனுப்பினார். அவர்களுள் ஹா சேவ் கா என்ற சிறுவன் மாந்தலே மிஷன் பள்ளியில் படித்தான். ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு 1912-இல் ஊர் திரும்பியபோது அவன் ஆசிரியர், உபதேசியார். தமிழ் ஆசிரியரிடம் அரிச்சுவடி கற்ற தீவுச் சிறுவன், இப்போது தன் மொழியில் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்து நின்றான். பள்ளியில் கேட்டதைப் பிள்ளை வீட்டில் சொல்லும். கேட்ட தாய் கேள்வி கேட்பாள், விடைக்காகப் பிள்ளை மறுநாள் ஆசிரியரிடம் போகும். இந்தப் போக்குவரத்தே கார் நிக்கோபாரின் முதல் மறைக்கல்வி.

3. சோதனையும் வேர்பிடிப்பும் (1942–1970)

1942-இல் ஜப்பானியப் படை தீவுகளைப் பிடித்தது. ரிச்சர்ட்சன் 1934-இல் குருப்பட்டம் பெற்றிருந்தார். ஆங்கிலேயருக்கு வேண்டியவர் என்ற ஐயத்தில் படித்த நிக்கோபாரியர் பலர் வதைக்கப்பட்டனர், கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சன் சிறையிருந்தார், அவருடைய மகனும் உயிரிழந்தோரில் ஒருவர்.

போருக்கு முன் கிறிஸ்தவர் அத்தீவில் சிறுபான்மையே. போருக்குப் பின் சில ஆண்டுகளில் ஏறத்தாழ முழுத் தீவும் திருமுழுக்குப் பெற்றது. வெளியிலிருந்து எந்தப் பெருங்குழுவும் வரவில்லை. ஊரோடு துன்பத்தில் நின்ற ஒருவரின் சொல்லுக்கு மதிப்பு ஏறியது ஒரு காரணம். ஒரு தலைமுறைக்கு முன் பள்ளியில் கதை கேட்ட பிள்ளைகள் இப்போது துஹெட் தலைவர்களாகவும் தாய்மாராகவும் ஆகியிருந்தது இன்னொரு காரணம். கதை அவர்களுக்குப் பழையது, முடிவுதான் புதியது.

1950-இல் ரிச்சர்ட்சன் ஆயரானார். அதே ஆண்டில் கார் நிக்கோபார் மொழியில் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. 1952-இல் ரிச்சர்ட்சன் நாட்டின் முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1975-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். ஆயினும் நம் ஆய்வுக்கு 1950-ஆம் ஆண்டின் அந்தப் புத்தகமே பெரிது. விண்மீனோடு முன்னணையும், ஞானியரோடு மேய்ப்பரும் ஒரே நூலில், வீட்டில் பேசும் மொழியில், பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி வந்தன. பாட்டி கேட்கப் பேரன் வாசிக்கும் வீடு அன்றுதான் உருவானது.

இதன் அருமை தமிழ் வாசகருக்குத் தெரியும். நம் வேதாகமத்தில் யோசேப்பும் மரியாளும் இடம் கேட்டுப்போன இடத்துக்குப் பெயர் சத்திரம். வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டுவதை அறமாகக் கொண்ட சமூகத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், அங்கே இடம் கிடைக்காததன் வலியும் விளங்கிவிடும். முன்னணை என்றால் மாட்டுக்குத் தீனி வைக்கும் இடம் என்று தாத்தா காட்டிக்கொடுத்தால் பிள்ளைக்கு அந்தக் குளிரும் வைக்கோல் வாசனையும் தெரிந்துவிடும். பாதி விளக்கவுரையைத் தாய்மொழிச் சொல்லே செய்துவிடுகிறது.

விழாவும் ஊரின் வடிவத்தையே ஏற்றது. முன்னோர் நினைவாகப் பன்றி அறுத்துப் பல கிராமத்தாரை அழைத்து மாதக்கணக்காக ஏற்பாடு செய்யும் பெருவிருந்து தீவின் பழைய வழக்கம். கிறிஸ்துமஸும் துஹெட் கூடி உண்ணும் விருந்தானது. வீடுவீடாகப் பாடுவதும் கிராமங்கள் மோதும் கால்பந்தும் அதோடு சேர்ந்துகொண்டன. விருந்தின் ஆரவாரத்தில் பொருள் மறைந்துபோகும் என்ற அச்சம் இங்கே பெரும்பாலும் பலிக்கவில்லை. பாடும் வரிசையில் பிள்ளை நின்றதே காரணம். தன் மொழியில் பாடும் பிள்ளைக்குத் தான் எதைப் பாடுகிறோம் என்பது தெரியும்.

4. பன்மொழி அந்தமானில் அதே கேள்வி

வடக்கே அந்தமானில் நிலைமை வேறு. 1918 முதல் காட்டுவேலைக்கு வந்த ராஞ்சிப் பழங்குடியினரில் பலர் கத்தோலிக்கர். 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் அருகே வேபி கிராமத்தில் குடியேறிய கரேன் மக்கள் பாப்டிஸ்ட் சபையினர். தமிழரும் தெலுங்கரும் துறைமுக வேலைக்கும் வணிகத்துக்கும் அரசுப் பணிக்கும் வந்தனர். தெற்கே நிக்கோபாரிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் காட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் கிறிஸ்தவர்.

அந்தமானில் பிள்ளை வீட்டில் தமிழோ, ராஞ்சி மக்களின் சாத்ரியோ பேசி, தெருவில் இந்தி பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது. மூன்று மொழியிலும் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எந்த மொழியில் அதன் பொருள் தெரியும் என்பதே இன்றைய ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நான்கவுரியின் கலப்பு மொழி வேறு உருவில் திரும்பி வரக்கூடும்.

5. மறுநாள் காலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் விருந்தின் களைப்பில் ஊர் உறங்கிக்கொண்டிருக்க, காலை 6.29 மணிக்கு நிலம் அதிர்ந்தது. அடுத்துக் கடல் வந்தது. எல்பனமும் கரையோர ஆலயங்களும் பள்ளிகளும் தென்னந்தோப்புகளும் போயின. 2001-இல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 36,842 ஆகக் குறைந்தது.

மறு ஆண்டுக் கிறிஸ்துமஸ் வந்தபோது மக்கள் கரையை விட்டு உள்ளே, தகரக் கொட்டகைகளில் இருந்தனர். தலைமுறைகளாகப் பகிர்ந்து வாழ்ந்த துஹெட், இழப்பீட்டுக் கணக்கிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் சிறு குடும்பங்களாகப் பிரிந்துகொண்டிருந்தது. இடமில்லை என்ற சொல் இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு அந்நியமாக இல்லை. நூறாண்டுக்கு முன் மூஸ் பள்ளியில் விளக்கம் தேவைப்பட்ட அந்த ஒரு சொல்லைக் கடல் விளக்கிவிட்டது. இடமற்றவர்களோடு தங்க வந்த பிள்ளை என்ற செய்தியை, தகரக் கூரைக்குக் கீழே தாய்மொழியில் பாடிய சிறுவரைவிட நெருக்கமாகக் கேட்டவர் யார்?

முடிவுரை

நான்கவுரியில் பொருளும் இருந்தது, அதைக் காட்டும் கலையும் இருந்தது. பிள்ளையின் சொல் மட்டும் இல்லை. மூஸில் ஒரு தமிழ் உபதேசியார் பள்ளி வைத்தார்; அங்கே படித்த பிள்ளை ஆசிரியரானது; அதன் சொல் 1950-இல் நூலானது. எந்தக் கட்டத்திலும் பொருளைத் தாங்கிச் சென்றது, பிள்ளையின் வாயில் திரும்பி வந்த கதைதான்.

நம் வீடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. குடில் கட்டும் மாலையில் பொம்மைகளை நாமே அடுக்கிவிட்டு விளக்கம் சொல்வது வழக்கம். இவ்வாண்டு பொம்மைப் பெட்டியைப் பிள்ளையிடம் கொடுப்போம். எது முதலில், யார் எங்கிருந்து வந்தார், ஏன் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே அது நமக்குச் சொல்லட்டும். தவறினால் திருத்துவோம், கேள்வி கேட்டால் சேர்ந்து தேடுவோம். கடைசியாகப் பாலனை முன்னணையில் வைக்கும் கை பிள்ளையின் கையாக இருக்கட்டும்.